ஊமை எருதும் வைக்கோலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "எதிராளியிடம் எப்படி வாதாடுவது?" என்று கேட்டிருந்தார். பதிலின் நடுவே தாமஸ் அக்குவினாஸ் என்று ஒரு பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த முறை முழுக்க அவரே இருக்கட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளமையில் இரண்டு வருடம் குருமடத்தில் இருந்தவன் நான். சாமியார் ஆகவில்லை, புரூஃப் ரீடர் ஆனேன். அங்கே தூங்கித் தூங்கிப் படித்ததையும், பிற்பாடு தூக்கம் கெட்டுப் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

கே: யார் இந்த அக்குவினாஸ்? பெயரே வாயில் நுழையவில்லை. (கல்லூரி மாணவி ஒருவர்)

ப: பெயர் தாமஸ்தான். அக்குவினாஸ் என்பது ஊரைக் குறிக்கிறது, அக்குவினோக்காரர் என்று அர்த்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில், ரொக்காசெக்கா என்ற மலைக்கோட்டையில் 1225 வாக்கில் பிறந்தார். 1274 மார்ச் 7 அன்று இறந்தார். ஐம்பதைத் தொடவில்லை. அதற்குள் விவிலியத்துக்கு உரை, அரிஸ்டாட்டிலுக்கு உரை, விவாதத் தொகுப்புகள், கடிதங்கள், பாடல்கள் என்று ஒரு அலமாரியை நிரப்பிவிட்டார். பாரிஸ், கொலோன், ஓர்வியேட்டோ, ரோம், நேப்பிள்ஸ் என்று மாறி மாறிப் பாடம் நடத்தியவர். அவருடைய சபையில் துறவிகள் நடந்துதான் போகவேண்டும் என்பது விதி. அந்தப் பருத்த உடம்போடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கே: சாமியாராகப் போனவரைச் சொந்த அண்ணன்மார்களே கடத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா?

ப: உண்மை. ஆனால் வீட்டார் துறவுக்கு எதிரிகள் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஐந்து வயதிலேயே அவரை மோன்தே கசீனோ மடத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்தான். அது ஆசீர்வாதப்பர் சபையின் தலைமை மடம் மாதிரி. நிலம், குடியானவர்கள், அரசியல் செல்வாக்கு எல்லாம் உண்டு. பையன் ஒருநாள் அங்கே மடாதிபதி ஆவான், குடும்பத்துக்கும் பலமாக இருக்கும் என்பது கணக்கு. 1239இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் படை மடத்துக்குள் புகுந்தது. பையன் நேப்பிள்ஸுக்குப் படிக்கப் போனான். அங்கே இரண்டு விஷயங்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. ஒன்று அரிஸ்டாட்டில். இன்னொன்று தொமினிக்கன் சபை. பழைய கத்தோலிக்கர்கள் சாமிநாதர் சபை என்பார்கள். தொடங்கி முப்பது வருடம்கூட ஆகாத சபை. சொத்து கிடையாது, பிச்சை எடுத்துச் சாப்பிட்டுப் பிரசங்கம் பண்ணுகிற கூட்டம்.

1244இல் தாமஸ் அதில் சேர்ந்தார். கோட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை திருவோடு ஏந்துவதா? சபையார் அவரை வடக்கே அனுப்பினார்கள். வழியில் அண்ணன்மார்கள் மடக்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் காவலில் இருந்தார். ஒரு பெண்ணை அறைக்குள் அனுப்பினார்கள், இவர் அடுப்புக் கொள்ளியை எடுத்துக்கொண்டு விரட்டினார் என்று ஒரு கதை உண்டு. புனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு காட்சி இல்லாமல் கை ஓடாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் காவலிலும் அவர் விவிலியத்தைப் படித்துக்கொண்டே இருந்தார் என்று அதே பழைய சரித்திரக்காரர்கள் சொல்வது. 1245இல் தாய் தியோடோராவின் பிடிவாதம் தளர்ந்தது. மகன் பாரிஸுக்குக் கிளம்பினார்.

கே: 'ஊமை எருது' என்பது பட்டமா, வசையா?

ப: வகுப்புத் தோழர்கள் வைத்த பெயர், ஆக வசைதான். ஆள் பெரிய உருவம், வாயே திறக்கமாட்டார். அவருடைய ஆசிரியர் பெரிய ஆல்பர்ட். செடி, கல், மிருகம் எதையும் விடாமல் எழுதியவர். 1248இல் கொலோனில் புதுப் பள்ளி தொடங்கப் போனபோது தாமஸையும் கூட்டிப்போனார். "இவனை ஊமை எருது என்கிறீர்கள். இந்த எருது கத்தினால் உலகம் பூராவும் கேட்கும்" என்று அவர் சொன்னதாகக் கதை. ஆசிரியர்கள் இந்த மாதிரி ஆரூடம் ஆயிரம் சொல்வார்கள், பலித்த ஒன்றைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

கே: அவ்வளவு பெரிய புத்தகத்துக்கு 'சும்மா' என்று பெயர் வைத்தாரே, தமிழ் தெரிந்திருக்குமோ?

ப: இந்தச் சிரிப்பை ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். குருமடத்தில் நாங்களும் சிரித்ததுதான். லத்தீனில் 'சும்மா' என்றால் திரட்டு, தொகை. சும்மா தியோலோகியே என்றால் இறையியல் தொகை. 1265 வாக்கில் ரோமில், சாந்தா சபினா மடத்தில் தொடங்கினார். முன்னுரையில் இது தொடக்க மாணவர்களுக்கான புத்தகம் என்கிறார். குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதுபோல என்று விவிலியத்திலிருந்து பவுலின் வாசகத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பால் 512 வினாக்கள், அவற்றுக்குள் 2,669 உட்பிரிவுகள்! அதுவும் முடிக்கப்படாத நிலையில்.

ஆனால் அளவை விடுங்கள், கட்டுமானத்தைப் பாருங்கள். ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு கேள்வி. கேள்வி வந்ததும் தன் பதிலைச் சொல்லமாட்டார். "அப்படி இல்லை என்று தோன்றுகிறது" என்று தொடங்கி, தான் சொல்லப்போவதற்கு எதிரான வாதங்களை முதலில் வரிசையாக வைப்பார். பெரும்பாலும் மூன்று, சில இடங்களில் அதற்கும் மேல். அப்புறம் "ஆனால் இதற்கு மாறாக" என்று ஒரு மேற்கோள். அதற்குப் பிறகுதான் "நான் விடையளிக்கிறேன்". கடைசியில் முதலில் வைத்த வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில். சைவ சித்தாந்த நூல்களில் பரபக்கம் என்று பிறர் கொள்கையைச் சொல்லி மறுத்துவிட்டு, சுபக்கத்துக்கு, அதாவது தங்கள் கொள்கைக்கு, வருவார்கள் அல்லவா? அதையே ஒவ்வொரு பக்கத்திலும் செய்தால் எப்படியோ அப்படி.

இந்தச் சும்மா நூல் என் மனதில் ஒட்டிக்கொண்டது இரண்டாம் வினாவில்தான். 'கடவுள் இருக்கிறாரா?' என்பது கேள்வி. துறவி உடை போட்டவர், துறவு மாணவர்களுக்காக எழுதுகிறவர், முதல் வரியில் என்ன எழுதுகிறார்? கடவுள் இல்லை என்று தோன்றுகிறது என்கிறார். காரணம் ஒன்று: எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் அதற்கு எதிரானது அழிந்துபோயிருக்க வேண்டும், உலகத்திலோ தீமை இருக்கிறது. காரணம் இரண்டு: இயற்கையில் நடப்பதை இயற்கையைக் கொண்டே விளக்கலாம், மனிதன் செய்வதை மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டு விளக்கலாம், கூடுதலாகக் கடவுள் எதற்கு? இன்றைக்கும் நாத்திகர் மேடையில் இந்த இரண்டைத் தாண்டி அதிகம் பேசுவதில்லை. ஆளைக் கேலி செய்யவில்லை, வாதத்தை மெலிதாக்கவில்லை, பாடத்தில் முதல் இடம் கொடுத்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற ஐந்து வழிகள், அதாவது அசைவிலிருந்து, காரண காரியத்திலிருந்து என்று கடவுளுக்குப் போகும் வாதங்கள், அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த ஐந்தும் எனக்கு முழுசாக ஒப்பானவை என்று சொல்லமாட்டேன். முதல் வரி எழுதிய நேர்மைக்கு முன்னால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இன்னொரு இடம். உலகத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பது அவர் விசுவாசம். அதை அறிவால் நிரூபிக்க முடியுமா? முடியாது என்கிறார். முடியும் என்று அவர் காலத்துப் பிரான்சிஸ்கன் அறிஞர் பொனவெந்தூர் வாதாடினார். தாமஸ் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம்பிக்கையால் ஏற்பதை நொண்டி வாதங்களால் நிரூபிக்கப் போனால், நம்பாதவர்கள் சிரிப்பார்கள், இந்த வாதங்களை நம்பித்தான் நாம் விசுவசிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்கிறார். தன் கட்சிக்காரரின் மோசமான வாதத்தைத் தானே முதலில் கழித்துக்கட்டுகிற ஆட்கள் இப்போது எங்கே?

கே: ஊசிமுனையில் எத்தனை தேவதூதர்கள் ஆடலாம் என்று ஆராய்ந்தவர் இவர்தானே?

ப: இல்லை. அப்படி ஒரு கேள்வி அவர் எழுத்தில் எங்கும் கிடையாது. அது பின்னால் வந்தவர்கள் செய்த கிண்டல். பல தேவதூதர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கலாமா என்று ஒரு உட்பிரிவு உண்டு, கூடாது என்று விடை. ஊசியும் இல்லை, ஆட்டமும் இல்லை.

கே: கிறிஸ்தவரல்லாத அரிஸ்டாட்டிலை எப்படிக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்?

ப: எளிதாக இல்லை. 1210இல் பாரிஸில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடமாக நடத்தத் தடை. 1255க்குள் அதே பல்கலைக்கழகத்தில் அவை கட்டாயப் பாடம். இடையில் புத்தகங்கள் வந்து குவிந்துவிட்டன. பல அரபியிலிருந்து லத்தீனுக்கு வந்தவை. கூடவே இஸ்லாமியத் தத்துவ அறிஞர்களான இபின் சினாவும் இபின் ருஷ்தும் வந்தார்கள். தாமஸ் அரிஸ்டாட்டிலைப் பெரும்பாலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், 'தத்துவஞானி' என்பார். இபின் ருஷ்த் வெறும் 'உரையாசிரியர்'. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது புரியும், உரையாசிரியர் என்றாலே இளம்பூரணர்தான், பெயர் தேவையில்லை. யூத அறிஞர் மைமோனிடஸை 'ராபி மோசே' என்று மரியாதையாக எடுத்தாள்வார். பிற்காலத்தில் மோர்பெக்கே வில்லியம் என்ற சபைச் சகோதரர் கிரேக்கத்திலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்புகளும் அவருக்குக் கிடைத்தன.

அதற்காக உரையாசிரியர் சொன்னதையெல்லாம் ஏற்றார் என்று இல்லை. மனிதர் எல்லோருக்கும் சேர்த்து அறிவு ஒன்றே என்று இபின் ருஷ்த் வழியில் பாரிஸில் சிலர் கற்பித்தார்கள். பிரபாந்த் சிஜர் அவர்களில் முக்கியமானவர். 1270இல் தாமஸ் அதை மறுத்து ஒரு சிறு நூல் எழுதினார். சாதாரணமாகக் குரலை உயர்த்தாத மனிதர், அதன் முடிவில் மட்டும் சூடாகிவிடுகிறார்: மூலையில் நின்று, விஷயம் தெரியாத பையன்களிடம் பேசவேண்டாம், துணிவிருந்தால் இதற்கு மறுப்பு எழுதட்டும். எருது முட்டிய ஒரே இடம் என்பேன். பிற்பாடு இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் சொர்க்கத்தின் சூரிய மண்டலத்தில் தாமஸை உட்காரவைத்தபோது, பக்கத்திலேயே சிஜரையும் உட்காரவைத்து, தாமஸின் வாயாலேயே அவரை அறிமுகம் செய்யவைத்தார். தாந்தேயின் குறும்பு!

கே: இவ்வளவு புகழ்கிறீர்களே, அவரிடம் உங்களுக்குப் பிடிக்காததே கிடையாதா?

ப: உண்டு. பெண் என்பவள் குறைபட்டுப் பிறந்த ஆண் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை எடுத்துவைத்து, முழுசாகத் தூக்கிப்போடாமல் பாதி ஒப்புக்கொண்டு பாதி திருத்துகிறார். கருவின் அளவில் அப்படி, இயற்கையின் மொத்தத் திட்டத்தில் அப்படி இல்லை என்று. தப்பு தப்புதான், அரிஸ்டாட்டில் தலையில் முழுப் பழியையும் போட்டுத் தப்பிக்க முடியாது.

அதைவிட மோசம், திரிபுக் கொள்கையினர், அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறாகப் போனவர்கள், பற்றிய பகுதி. கள்ளப் பணம் அடிக்கிறவனுக்கே அரசன் மரணதண்டனை கொடுக்கிறான், விசுவாசத்தைக் கெடுப்பது அதைவிடப் பெரிய குற்றம், ஆகவே எச்சரித்தும் திருந்தாதவர்களை அரசிடம் ஒப்படைத்துக் கொல்லலாம் என்கிறார். அவருடைய சபைக்காரர்கள் அப்படிப்பட்டவர்களை விசாரிக்கும் மன்றங்களில் உட்கார்ந்திருந்த காலம் அது, வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆனால் அந்த இடத்திலும் அவருடைய முறை அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வழக்கம்போல எதிர்வாதங்களை முதலில் வைத்திருக்கிறார். அதில் ஒன்று களைகளை இப்போதே பிடுங்கவேண்டாம், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்று இயேசு சொன்ன உவமை. கீழே அதற்கு ஒரு பதிலும் எழுதியிருக்கிறார். பரீட்சைத் தாள் திருத்துகிறவனாக இருந்தால் நான் எதிர்வாதத்துக்குத்தான் மதிப்பெண் போடுவேன். தன்னைத் தோற்கடிக்கும் வாதத்தையும் பத்திரமாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், நமக்கு அது போதும்.

கே: மனசு சரியில்லை. உங்கள் சாமியார் ஏதாவது வைத்தியம் சொல்லியிருக்கிறாரா?

ப: சொல்லியிருக்கிறார், ஒரு முழு வினாவே துயரத்துக்கு மருந்து பற்றியது. ஏதாவது ஒரு இன்பம், அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானிப்பது. ஐந்தாவது, தூக்கமும் குளியலும். நண்பர் இதைப் படித்ததும் முதலில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். பிறகு எழுதுங்கள்.

கே: 'மாண்புயர் இவ்வருட்சாதனம்' என்று நற்கருணை ஆசீரில் பாடுகிறோமே, மூலம் இவருடையதா?

ப: ஆமாம், 'தாந்தும் எர்கோ' என்று தொடங்கும் வரிகள். 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பன் நற்கருணைத் திருவிழாவை ஏற்படுத்தியபோது, அதற்கான வழிபாட்டை எழுதியவர் தாமஸ் என்பது மரபு. வாதத்தில் ஒரு உவமைகூட வீணாகச் செலவழிக்காத ஆள், பாட்டில் எப்படி இளகியிருக்கிறார் பாருங்கள்.

கே: கையால் எழுதியே இவ்வளவுமா?

ப: என் தொழிலைத் தொடுகிற கேள்வி. முப்பது வருடம் விதவிதமான கையெழுத்துகளோடு மல்லாடியவன் நான். ஒரு எழுத்தாளரின் 'மரம்' என்ற சொல்லை 'மரணம்' என்று படித்து, கதையையே மாற்றி அச்சுக்கு அனுப்பியதுண்டு. தாமஸின் கையெழுத்து அதற்கெல்லாம் அப்பன். 'புரியாத எழுத்து' என்றே லத்தீனில் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. சும்மாவுக்கு முன்னால் அவர் எழுதிய இன்னொரு பெரிய நூலின் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதி வாத்திகன் நூலகத்தில் இருக்கிறது. படம் பார்த்தேன். கோழி கிளறினால்கூடக் கொஞ்சம் இடைவெளி விடும். அதனால் பிற்பாடு பெரும்பாலும் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஒரே நேரத்தில் மூன்று நான்கு எழுத்தர்களுக்கு வெவ்வேறு விஷயங்களைச் சொல்வார் என்று கூட இருந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். எப்போதும் கூடவே இருந்தவர் பிப்பெர்னோ ரெஜினால்ட் என்ற துறவி. அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

கே: உங்களைப் போலக் கேள்வி பதில் பகுதி நடத்திய முன்னோடி யாராவது உண்டா?

ப: இதே ஆள்தான்! அந்தக் காலப் பாரிஸில் வருடத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், 'குவோத்லிபெத்' என்று ஒரு பகிரங்க விவாதம் நடக்கும். பேருக்கு அர்த்தமே 'எதை வேண்டுமானாலும்'. யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் கேட்கலாம், ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். பல ஆசிரியர்கள் நைசாக ஒதுங்கிக்கொண்ட விஷயம். தாமஸ் ஒதுங்கவில்லை. பன்னிரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. யாரோ ஒரு குறும்புக்காரர், "மது, அரசன், பெண், உண்மை, இவற்றில் எது வலிமையானது?" என்று கேட்டிருக்கிறார். விவிலிய மரபில் வரும் பழைய புதிர் அது. தாமஸ் சிரிக்காமல் பிரித்துப் பதில் சொல்கிறார்: உடம்பை ஆட்டிவைப்பதில் மது, புலனாசையை ஆட்டிவைப்பதில் பெண்ணின்பம், செயல் அறிவை ஆட்டிவைப்பதில் அரசன், சிந்திக்கும் அறிவை ஆட்டிவைப்பது உண்மை, எல்லாவற்றிலும் உயர்ந்தது கடைசியில் சொன்னது. எனக்கு வரும் சினிமாக் கேள்விகளுக்கு நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

கே: திருச்சபை அவரை அப்போதே தலையில் வைத்துக் கொண்டாடியதா?

ப: எங்கே! அவர் இறந்து சரியாக மூன்றாவது வருடம், அதே மார்ச் 7 அன்று, 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்து ஆணை போட்டார். அதில் சில தாமஸின் கருத்துகளையும் தொட்டன. பிறகு காற்று திரும்பியது. 1323இல் புனிதர் பட்டம். 1325இல் பாரிஸ் ஆயரே, அவரைத் தொடும் அளவுக்குப் பழைய கண்டனத்தை விலக்கிக்கொண்டார். 1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ), கத்தோலிக்கக் கல்விக்கு இவரே வழிகாட்டி என்று சுற்றுமடல் எழுதினார். அங்கிருந்துதான் குருமடங்களில் எங்களைப் போன்றவர்கள் தூங்க ஆரம்பித்தோம்.

கே: சும்மா எழுதியவர் கடைசியில் சும்மா இருந்துவிட்டாராமே, ஏன்?

ப: நன்றாகக் கேட்டீர்கள். 1273 டிசம்பர் 6, நேப்பிள்ஸ். காலையில் திருப்பலி நிறைவேற்றினார். அதற்குப் பிறகு எழுதவும் இல்லை, சொல்லி எழுதவைக்கவும் இல்லை. சும்மாவின் மூன்றாம் பாகம், பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவு அருட்சாதனத்தின் நடுவில் நின்றுபோனது. ரெஜினால்ட் வற்புறுத்திக் கேட்டபோது, "என்னால் முடியாது. நான் எழுதியதெல்லாம் எனக்கு வைக்கோலாகத் தெரிகிறது" என்றார். 1319இல் புனிதர் பட்ட விசாரணையில் பதிவான சாட்சியம் இது. தெய்வ தரிசனம் என்பார்கள் பக்தர்கள். மூளையில் ஏதோ நேர்ந்தது என்பார்கள் மருத்துவம் அறிந்தவர்கள். நான் இரண்டுக்கும் சண்டை மூட்டமாட்டேன். நாலு எழுத்தர்களுக்கு ஒரே நேரத்தில் படியளந்த தலை, இருபது வருடத்தில் களைத்துப்போவது அதிசயம் இல்லை. களைத்த மனிதனுக்குத் தரிசனம் கிடைக்கக்கூடாது என்றும் சட்டம் இல்லை.

ஆனால் முழுக்கச் சும்மா இருந்தார் என்பது சரியல்ல. அடுத்த வருடத் தொடக்கத்தில், பிரான்சின் லியோன் நகரில் கூடவிருந்த திருச்சபைப் பொதுச்சங்கத்துக்கு வரச்சொல்லித் திருத்தந்தையின் அழைப்பு. கிளம்பினார். வழியில் மரக்கிளை ஒன்றில் தலை மோதியது. மயென்சாவில் உறவுக்காரப் பெண்ணின் கோட்டையில் படுத்தார், பிறகு ஃபோஸ்ஸனோவா மடத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே இறந்தார். லியோன் போய்ச் சேரவில்லை.

அந்தக் கடைசிப் பயணத்தில்தான் மோன்தே கசீனோ மடாதிபதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஐந்து வயதில் அவரைக் கொண்டுபோய் விட்ட அதே மடம். பழங்காலத் திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் நூலில் ஒரு பகுதி துறவிகளைக் குழப்புகிறது, மனிதன் சாகும் நேரம் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் அதை மாற்றவே முடியாதா, நேரில் வந்து விளக்கவேண்டும் என்று. உங்கள் வழிபாடு நீளமானது, நோன்பும் இருக்கிறது, நான் வந்தால் தாமதமாகும் என்று தாமஸ் மறுத்துவிட்டு, எழுத்தில் இருந்தால் இங்கே இல்லாதவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் பயன்படும் என்று சொல்லி, பதிலைச் சொல்லி எழுதவைத்தார். பேதுரு என்று ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன் என்பதற்காக என் பார்வை அவரைப் பிடித்து உட்காரவைக்கவில்லை, கடவுள் அறிவதும் அப்படித்தான் என்கிற மாதிரியான விளக்கம். மடத்தில் இருந்த கிரகோரியார் பிரதியின் ஓரத்திலேயே அந்தப் பதிலை எழுதிவைத்திருக்கிறார்கள், குழப்பிய அந்த வரிகளுக்குப் பக்கத்தில்.